கேட்டவர்களிடம் சொல்லியிருக்கலாம்

என் அம்மா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 1991இல் அந்த இயக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா கல்குவாரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ராத்திரி சோறாக்கி இறக்கிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சிலேட்டோடு உட்காரும் பெண்களில் அவளும் ஒருத்தி. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது அந்த இயக்கம். 1992இல் மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதிலும் ஒரு வசதி பார்த்தார்கள்.

அம்மா எங்கள் தெருவில் விழுந்து எழுந்து பழகியதும், முழங்கையில் காய்ந்த ரத்தத்தோடு சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கீரனூர்ச் சந்தைக்குப் போக அவள் யாரையும் கேட்டதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். திருச்சியில் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் எப்போதாவது ஒருநாள் லீவு போட்டுவிட்டு எங்கள் மாவட்டத்துப் பழைய கோயில் ஏதாவது ஒன்றுக்குத் தனியாகப் போய்வருவது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. குடுமியான்மலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல், திருமயம் எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். கூட ஆள் வந்தால் அவர்களுடைய பசியையும் கால்வலியையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போனால் ஒரு தூணுக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

வீட்டில் இதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, “தனியாவா போற?” என்று மாமியார் கேட்பார். “பார்த்துப் போ” என்பார் கணவர். ஒரே ஒரு சங்கடம் வந்தாலும் எல்லாம் நின்றுவிடும் என்பது அந்தப் பேச்சுக்குள் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத்தான் அது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு நான் போனது நார்த்தாமலைக்கு. மாசி மாதம், வேலைநாள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, கீரனூர் தாண்டி நார்த்தாமலை விலக்கில் இறங்கி, ஊருக்குள் போய் மேலமலை ஏறினேன். பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். மற்ற நாட்களில் மேலமலைப் பக்கம் அவ்வளவாக ஆள் நடமாட்டம் இருக்காது. ஏறுவதற்குக் கஷ்டமில்லாத மொட்டைப் பாறைதான். காலடியில் சூடு ஏறும், காற்று மட்டும் விடாமல் அடிக்கும். பாறைச் சரிவில் திடீரென்று விஜயாலய சோழீச்சரம் எழுந்து நிற்கும். மேற்குப் பார்த்த சிவன் கோயில். வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமாகக் கருவறை. சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரக் கோயில்கள். பெயரில் சோழன் இருந்தாலும் இதை முதலில் எடுப்பித்தவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையன் என்றும், மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்றும் அங்கேயே கல்வெட்டு இருக்கிறது.

இந்த விவரத்தை அன்றைக்கு எனக்குச் சொன்னவர் அந்த மனிதர்தான். ஐம்பது வயது இருக்கலாம். வெளுத்த சட்டை, நெற்றியில் விபூதி, கக்கத்தில் பழுப்பு நிற ரெக்சின் பை. நான் வாசலில் துவாரபாலகரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து, “கல்வெட்டு அந்தப் பக்கம் இருக்கு, பார்த்தீங்களா மேடம்?” என்றார். மரியாதையான பேச்சு. முத்தரையர், சோழர், பாண்டியர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோயிலைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இடையிடையே கேள்விகள் வந்தன. எங்கிருந்து வர்றீங்க? திருச்சி. திருச்சியில எங்க? சொன்னேன். தனியாவா வந்தீங்க? ஆமாம். வீட்டுக்காரர் வரலையா? அவருக்கு ஆபீஸ் இருக்கு. எந்த ஆபீஸ்? அதையும் சொன்னேன். திரும்பிப் போக எத்தனை மணி பஸ்? மூணு மணிக்குள்ள கிளம்பணும். குழந்தையின் பள்ளிக்கூடம் விடும் நேரத்தைக்கூடச் சொன்னதாக ஞாபகம். நாலாவது கேள்வியிலேயே மனசுக்குள் ஏதோ நெருடியது. ஆனால் வயதில் பெரியவர் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக எனக்குப் பழக்கமில்லை. ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டு அது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம் வேறு.

கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்து இரண்டு குடைவரைகள் உண்டு. ஒன்று பழியிலீச்சரம், சிவனுக்கு. இன்னொன்றைச் சமணர் குடகு என்று ஊரில் சொல்கிறார்கள். முன்பு சமணர் இருந்த குகை பிறகு பெருமாள் கோயிலாகிவிட்டது. பதினெண்பூமி விண்ணகரம் என்று கல்வெட்டில் அதற்குப் பெயர். உள்ளே சுவரில் பன்னிரண்டு விஷ்ணு. எல்லாரும் நின்ற கோலம். பார்த்தால் ஒரே அச்சு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றாக நின்று பார்த்தால் கை வைத்திருக்கும் விதத்திலும் முகத்திலும் சின்ன வித்தியாசம் இருக்கிறதோ என்று தோன்றும். அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனது. “நான் உள்ளே போய்ப் பார்க்கிறேன் சார், ரொம்ப நன்றி” என்று அவரிடம் விடைபெற்றுக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஐந்தாவது சிற்பத்திடம் நின்றபோது சுவரில் வெளிச்சம் குறைந்தது. திரும்பினேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வழி முழுக்க அடைபடும்படி நின்றார்.

“காலையில திருச்சி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுலதான ஏறுனீங்க? சன்னலோரம் இடம் வேணும்னு” என்றார். பிறகு, “பூ வாங்கிட்டு, சில்லறை இல்லேன்னு அந்தம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டீங்க” என்றார்.

அதே மரியாதையான குரல். கல்வெட்டு விவரம் சொன்ன அதே குரல்.

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. “வீட்டுக்காரர் பின்னால வந்துட்டிருக்கார். இப்ப மேல ஏறி வந்துடுவார்” என்றேன்.

அவர் சிரித்தார். “இல்லையேம்மா. அவருக்கு ஆபீஸ்னு சொன்னீங்களே.”

என்னைத் தொடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அசையாமல் நின்றார், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பாறைக்குக் கீழே யாரோ ஆட்டை அதட்டும் சத்தம் கேட்டது. அவர் தலையைத் திருப்பினார். கிடைத்த இடைவெளியில் நுழைந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். “பார்த்துப் போங்க, பாறை வழுக்கும்” என்று பின்னாலிருந்து அவர் சொன்னது காதில் விழுந்தது.

மலையடியில் நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் புளியமரத்து நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்களில் வயதான ஓர் ஆத்தா எழுந்து வந்தார்.

“என்னத்தா, மூஞ்சி இப்படி வெளிறிப்போய்க் கெடக்கு? மேல யாரும் என்னமும் சொன்னாகளா?”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. அந்த நேரத்தில் அந்த மனிதர் பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை தெரிந்தது. நான் கையை நீட்டியிருந்தால் போதும். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லார் பக்கத்திலும் மண்வெட்டி இருந்தது.

“ஒண்ணுமில்லைத்தா. வெயில் தாங்கல” என்றேன்.

தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். ஓர் இளம்பெண் என்கூட விலக்கு வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளைச் சட்டை வேறு பக்கமாகத் திரும்பி மறைந்திருந்தது.

வீட்டிலும் சொல்லவில்லை. “எப்படி இருந்தது கோயில்?” என்று கணவர் கேட்டார். பன்னிரண்டு விஷ்ணுவைப் பற்றிச் சொன்னேன், பாதிதான் பார்த்தேன் என்பதைத் தவிர. அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. எனக்குள் நான் சொல்லிக்கொண்ட காரணம் இதுதான்: நடந்தது ஒன்றுமில்லை, ஏதாவது சொன்னால் இதோடு எங்கும் போக விடமாட்டார்கள். என் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று முழுமனதாக நம்பினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எங்கேயும் போகவில்லை. லீவு இருந்தது, பஸ் இருந்தது, வீட்டில் தடையும் இல்லை. கிளம்ப வேண்டிய நாளில் தலைவலி வந்தது, வேலை வந்தது. குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும்போது தெருமுனையில் வெள்ளைச் சட்டை போட்டு யார் நின்றாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் பேட்டையை நானே அல்லவா அவரிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஆண்டு அலுவலகத்துத் தோழி ஒருத்தி நார்த்தாமலை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு பேராகப் போனோம். மலையடியில் அதே ஆத்தா ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கேட்டுப் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு பேராக வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் அவர்.

“ஏன் ஆத்தா?”

“போன ஆடியில ஒரு காலேஜுப் புள்ள தனியா வந்துச்சு. கோயில வரையறதுக்கு. நோட்டு, பென்சிலு எல்லாம் வச்சிருந்துச்சு. எவனோ ஒருத்தன் பின்னாடியே வந்து குகைக்குள்ள மறிச்சிருக்கான். புள்ள பயந்து ஓடியாந்து பாறையில விழுந்து கால் பெரண்டுபோச்சு. நாங்கதான் தூக்கியாந்தோம்.”

“ஆள் எப்படி இருந்தான்?”

“வெள்ளச் சட்டை, துன்னூறு. கக்கத்துல ஒரு பை இருந்துச்சாம். பெரிய மனுசன் மாதிரி கோயிலப் பத்தி எல்லாம் பேசுனானாம்.”

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். தோழி ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று காதில் விழவில்லை. புளியமரம் அதே இடத்தில் நின்றது. போன ஆண்டு நான் உட்கார்ந்திருந்த வேர்கூடத் தெரிந்தது. அந்த வேரில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவர் ஊற்றிக் கொடுத்த நீராகாரத்தைக் குடித்துக்கொண்டு, வெயில் என்று சொன்னேன். மாசியிலிருந்து ஆடிவரை இடையில் ஐந்து அமாவாசை வந்து போயிருக்கும். அவ்வளவு நாளும் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆத்தா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஆட்கள் தேடினார்கள், போலீசுக்கும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

“எங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா ஒரு ஆள மேல உக்கார வச்சிருப்போம். இல்ல, அந்தப் புள்ளகூட ஒருத்தி ஏறியிருப்போம். யாரு வந்து சொன்னா?”

“அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா ஆத்தா?”

“கால் சரியாயிருச்சாம். அவுக அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் புள்ளைய எங்கிட்டும் தனியா விடுறதில்லையாம். காலேஜுக்குக்கூட அண்ணன்காரன்தான் கொண்டாந்து விடுறானாம். கூடப் படிக்கிற சிநேகிதப் புள்ள பின்னால ஒருநா வந்தப்ப சொல்லுச்சு.”

எதைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டேனோ, அது அந்தப் பெண்ணிடமிருந்து போய்விட்டது.

அன்று அந்த ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “போன மாசியில வெயில்னு சொன்னது நான்தான்.” அவர் என்னை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “நீயும் சின்னப் புள்ளதானத்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவே கணவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “ஏன் அப்பவே சொல்லலை?” என்றார். “சொல்லியிருந்தா அப்புறம் போக விட்டிருப்பீங்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விட்டிருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் அவரே மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லி, “இனிமே அவ கிளம்பறப்ப தனியாவான்னு கேக்காதம்மா, எந்த பஸ்ஸுன்னு கேளு” என்றார். எங்கள் வீட்டில் பெரிதாக மாறியது இந்த ஒரு கேள்விதான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் வேறொரு கதை சொன்னாள். சைக்கிள் பழகிய புதிதில், குவாரிக்குப் போகும் வழியில் ஒரு லாரி டிரைவர் தினமும் அவள் பின்னாலேயே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு வருவானாம். இரண்டாம் நாளே ராத்திரி வகுப்பில் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் வகுப்பில் இருந்த அத்தனை பெண்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து ரோட்டை மறித்து நின்றார்கள். “அதுக்குப் பிறகு அந்த லாரி வேற ரோட்டுலதான் போச்சு. ஒருத்தி சொன்னா அம்புட்டுப் பேரும் கெளம்பிருவோம். அந்தத் தெம்புலதான்டி நான் தனியாப் போனேன்” என்றாள்.

இத்தனை வருடமாக அம்மா தனியாகச் சந்தைக்குப் போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி வகுப்பில் அவள் வாயைத் திறந்ததைப் பார்க்கவில்லை.

தொடவில்லை, ஒன்றும் செய்யவில்லை, இதை யாரிடம் என்னவென்று புகார் சொல்வது என்று அப்போது குழம்பியிருந்தேன். பிறகு தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலிருந்தே பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது. ஒரு பெண்ணுக்கு அச்சத்தை உண்டாக்கும் கண்ணியமற்ற நடத்தையும் அதில் குற்றம்தான். அது நடக்கும் இடங்களாகக் கோயில், பஸ் நிறுத்தம், சாலை எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்ந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 78ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். புளியமரத்தடியில் இருந்த பெண்களுக்கு எந்தப் பிரிவும் தேவைப்பட்டிருக்காது. நான் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது மறுபடியும் தனியாகப் போகிறேன். போகிற ஊரில் மலையடியிலோ டீக்கடையிலோ யாராவது ஒரு பெண்ணிடம், மேலே போகிறேன், இத்தனை மணிக்குள் இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறுகிறேன். எந்த ஊர், வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது நச்சரித்தால், “அதெல்லாம் எதுக்குங்க?” என்று கேட்கவும் பழகிக்கொண்டேன். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112 என்ற எண்கள் போனில் இருக்கின்றன. அந்த மாணவியைத் தேடிப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. அவள் இதைப் படிக்க நேர்ந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் வீட்டார் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள்: அன்று நடந்ததில் அவள் தவறு எதுவும் இல்லை, எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் போனதுதான் தவறு. அவளை மறுபடி வரைய அனுப்புங்கள்.